கடையில் நிற்கும் நம் பிள்ளைகள்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிணறு, சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று, ஊரை விட்டுச் சென்று நகரத்துக் கடைகளில் உழைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

மழை பொய்த்த ஆண்டுகளில் மட்டுமன்றி, நன்கு விளைந்த ஆண்டுகளிலும் நம் தென் மாவட்டத்து இளைஞர்களும் பெண்களும் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களின் ஜவுளிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். சென்னை ரங்கநாதன் தெருவில் சேலையை விரித்துக் காட்டும் பெண்ணின் பேச்சைக் கேட்டால், அவள் எந்தத் தாலுகாவைச் சேர்ந்தவள் என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். அவள் அனுப்பும் பணத்தால் இங்கே விதைநெல் வாங்கப்படுகிறது. தம்பியின் படிப்புச் செலவு நடக்கிறது. ஆகவே, அவளுடைய நலமும் கிராம நலத்தின் ஒரு பகுதியேயாகும்.

சென்ற ஆண்டு விவசாயி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் ஐந்து ஆண்டுகள் ஜவுளிக்கடை ஒன்றில் பணியாற்றியவள். நாள் முழுவதும் நின்று நின்று கால் நரம்புகள் புடைத்து, வேலை செய்ய இயலாமல் ஊர் திரும்பியிருந்தாள். மருத்துவச் செலவுக்கு வழியுண்டா என்று கேட்டார். ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்றேன், இல்லை என்றார். சேமநல நிதி எண் உண்டா என்றேன், தெரியாது என்றார். சம்பளச் சீட்டும் இல்லை. “ஐயா, அஞ்சு வருஷம் உழைச்சா. உழைச்சான்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட எங்ககிட்ட இல்லையே” என்றார்.

என்னால் விடை கூற இயலவில்லை. நம் ஒன்றியத்தில் கறவை மாடுகள் எத்தனை என்னும் கணக்கு என் மேசையில் இருந்தது. வெளியூர்க் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் கணக்கு இல்லை. இக்குறையில் எனக்கும் பங்குண்டு.

சட்டம் இல்லாமலில்லை. 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தால் 1 மணி நேரம் ஓய்வு தரல் வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. மிகை நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் உண்டு. உட்காரும் உரிமையோ அண்மையில் வந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பியதன் பயனாக, அம்மாநிலம் 2018 இல் தன் சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலமும் 2021 இல் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி அமைத்தல் வேண்டும் என்று விதித்தது.

இனி, பணக்கணக்கைப் பார்ப்போம். மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு ஊழியரிடம் பிடிக்கப்படுவது 90 ரூபாய்; முதலாளி செலுத்துவது 390 ரூபாய். இதனால் மருத்துவமும், நோயுற்ற காலத்தில் உதவித் தொகையும், பேறுகால உதவியும் கிடைக்கின்றன. சேமநல நிதிக்கு ஊழியர் 1,440 ரூபாய் செலுத்தினால், முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். “பிடித்தம் ஏதுமில்லை, முழுச் சம்பளமும் கையில்” என்று தரகர் கூறினால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். விதைக்கென எடுத்துவைத்த நெல்லை எந்த விவசாயியும் நட்டம் என்று கருதுவதில்லை. இப்பிடித்தமும் அத்தகையதே.

“கேள்வி கேட்டால் வேலை போய்விடுமே” என்று நீங்கள் நினைக்கலாம். தனியொரு பெண் கேட்டால் அந்த அச்சம் நியாயமானதே. ஊரே கேட்டால் நிலைமை வேறு. தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் தேடி வருபவர்கள் முதலில் நம் ஊருக்குத்தான் வருகிறார்கள். நேர்மையான வணிகர்கள் இக்கேள்விகளைக் கண்டு அஞ்சமாட்டார்கள்.

ஆதலால் மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். வெளியூர்க் கடைகளில் பணிபுரிவோரின் பெயர், கடை, தங்குமிடம், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்துடன் எழுதிப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது, ஆள் சேர்க்க வருபவரிடம் வேலை நேரம், ஓய்வு, இருக்கை, சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ., சேமநல நிதி ஆகிய ஆறையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். சேமநல நிதியின் 12 இலக்க எண் கடை மாறினாலும் மாறாது. அதைப் பெற்றோரும் குறித்துக்கொள்ளல் வேண்டும். விதி மீறப்பட்டால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். அம்மனுவை அனுப்பிவைக்க என் அலுவலகம் துணை நிற்கும்.

மூன்றாவது, கடைவேலை முதற்படியாகவே இருக்கட்டும். அதுவே கடைசிப்படியாகிவிட வேண்டா. துணி மடிப்பதோடு நில்லாமல், ரசீது போடவும், சரக்கிருப்புக் கணக்கு வைக்கவும், கணினியில் பதிவு செய்யவும் கற்றவர்களே மேற்பார்வையாளர் ஆகின்றனர். அனுப்புமுன் இவற்றைக் கற்பிக்க ஊரக வாழ்வாதார இயக்கத்தின் இலவசப் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள். ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைக்க விரும்புவோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் உண்டு. 2015 முதல் முத்ரா கடனும் உண்டு.

விவசாயப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். நமக்கு விளைவிக்கத் தெரியும், விற்கத் தெரியாது. ஐந்தாண்டுகள் கடையில் நின்ற பெண்ணோ, வாங்க வருபவரின் மனத்தை அறிந்தவள். நம் உழவர் உற்பத்தியாளர் குழுக்களின் விற்பனைப் பொறுப்புக்கு அவளைவிடத் தகுந்தவர் யார்? நான் முன்னே கூறிய விவசாயியின் மகளையும் இத்தகைய பணியில் அமர்த்த இயலுமா என்று எண்ணிப் பாருங்கள்.

மே 1, உழைப்பாளர் தினம். அன்று கிராம சபையும் கூடுகிறது. அக்கூட்டத்தில் இப்பதிவேட்டின் முதற்பக்கம் ஊர் முன் வாசிக்கப்பெறட்டும். அடுத்த முறை ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வரும்போது, தம் மகளின் உழைப்புக்குச் சான்றான காகிதம் அவர் கையில் இருத்தல் வேண்டும்.