மாரிகுப்பம் சாவடியில் ஒரு கேள்வி

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் பேத்தி பெங்களூரில் 'ப்ராடக்ட் டிசைன்' உத்தியோகத்தில் இருக்கிறாள். ஒரு பொருளைச் செய்து, உபயோகிப்பவர் கையில் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்தி, மறுபடியும் அவரிடமே கொடுப்பது, இதுதான் வேலையாம். "இதற்குச் சம்பளம் வேறா?" என்று கேட்க வாயெடுத்தவன், 2004 ஞாபகம் வந்து அடங்கிவிட்டேன்.

அந்த வருஷம் கர்நாடகத்தில் லோக்சபா, சட்டசபை இரண்டுக்கும் சேர்ந்தே தேர்தல். கோலார் தங்கவயலில், ரயில் பாதை முடிகிற மாரிகுப்பத்தில், ஒரு வாக்குச் சாவடிக்கு நான் தலைமை அதிகாரி. தங்கச் சுரங்கத்தை 2001-லேயே மூடியாயிற்று. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர். நாடு முழுவதும் லோக்சபாத் தொகுதிகள் அனைத்திலும் மின்னணு இயந்திரம் வைத்தது அந்தத் தேர்தலில்தான்.

நம் 'சுஜாதா' ரங்கராஜன் பி.இ.எல்.லில் இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வெளி வடிவத்தை அமைத்தவர்கள் பம்பாய் ஐ.ஐ.டி. வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! மின்சாரம் இல்லாத ஊருக்காக பேட்டரி. எழுத்தறியாதவருக்காகச் சின்னத்தின் பக்கத்திலேயே நீலப் பொத்தான். சாவடியைக் கைப்பற்ற வருகிற ரௌடியையும் மறக்கவில்லை. நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் அப்போதைய இயந்திரம் ஏற்காது.

இருந்தும் ஒரு பாட்டி பொத்தானை விட்டுவிட்டுச் சின்னத்தையே அழுத்திக்கொண்டு நின்றார். மறைவுக்குள் நான் போகக் கூடாது. வெளியே அழைத்து, அட்டையில் அச்சிட்ட மாதிரியைக் காட்டி விளக்கினேன். இன்னும் சிலர் ஓர் இயந்திரத்தில் ஓட்டுப் போட்டதும் வேலை முடிந்தது என்று வாசலுக்கே போய்விட்டார்கள். இரண்டாவதற்கு ஓடிப்போய்க் கூட்டி வந்தோம்.

இதெல்லாம் பெரிதில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஓட்டுப் போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார். "சத்தம் வந்துச்சு சார். குழியில கீழே இருக்கறவன் மணி அடிச்சா, மேலே இருக்கறவன் திருப்பி அடிப்பான். அதை நம்பித்தான் கூண்டுல ஏறுவோம். இது யாருக்கு விழுந்துச்சுன்னு திருப்பிச் சொல்லலையே?" என்றார். சிவப்பு விளக்கு எரிந்ததல்லவா, அதுதான் அத்தாட்சி என்று கையேட்டில் உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பிப் போகவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எனக்கு வேறு பதிலும் இல்லை.

அவர் கேட்ட பதில் பிறகு வந்தது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காகிதச் சீட்டில் காட்டும் கருவியை 2011 ஜூலையில் லே, ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி என்று குளிர், மணற்காடு, மழை எல்லாவற்றிலும் சோதித்தார்கள். குறைகளைத் திருத்தி 2012-ல் மறுபடியும் சோதனை. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதல் உபயோகம். 2019 லோக்சபாத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெரியவர் இருந்தாரோ, இல்லையோ.

2019-ல் பெங்களூரில் நானும் ஓட்டுப் போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு விநாடி தெரியும். பையைத் தடவி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது உள்ளே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எத்தனை விநாடி ஆச்சு தாத்தா, மாட்டறதுக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.