யார் தட்டில் குறைப்பது?

உலகுக்கெல்லாம் ஒரே உணவுத் தட்டு வகுத்திருக்கிறார்கள், அறிவீர்களா? 16 நாடுகளைச் சேர்ந்த 37 அறிஞர்கள் கூடி ஆய்ந்த அறிக்கையை, 2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 'லான்செட்' மருத்துவ ஏடு வெளியிட்டது. 'ஈட்-லான்செட்' குழு என்று பெயர். 2050இல் வாழவிருக்கும் ஏறத்தாழ 1000 கோடி மக்களுக்கும் வயிறு நிறைய வேண்டும். மண்ணும் நீரும் காற்றும் கெடாதிருக்கவும் வேண்டும். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. வந்த விடை என்ன? ஆடு, மாடு, பன்றி இறைச்சி, ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 14 கிராம்!

பதினான்கே கிராமா என்று பதறாதீர், காரணம் கேளுங்கள். மனிதன் செயலால் வானில் சேரும் வெப்பவளிகளில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. அசைபோடும் மாடு மீத்தேனை விடுகிறது. மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் காடு அழிகிறது. மறுக்க முடியுமா இதை? எனவேதான் 2021இல் டென்மார்க் அரசு, வாரத்துக்கு 350 கிராம் இறைச்சி போதும் என்றது. 2024இல் ஜெர்மனியின் ஊட்டச்சத்துக் கழகம் 300 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. நோய்க்கு அஞ்சிச் சொன்ன பத்தியம், இன்று நிலவுலகுக்கு அஞ்சியும் சொல்லப்படுகிறது.

எதிர்ப்பு எழாமலிருக்குமா? 2015இல் அமெரிக்க அறிவுரைக் குழு, உணவு நெறியில் சுற்றுச்சூழலையும் சேர்க்கச் சொன்னது. இறைச்சி வணிகர் வெகுண்டனர். அமைச்சர் இருவர், அது இந்நெறியில் இடம்பெறாது என்று கதவடைத்தனர். 2019இல் ஜெனீவாவில் ஈட்-லான்செட் அறிமுக விழா. இத்தாலியத் தூதர் ஆட்சேபித்தார்; உலக நலவாழ்வு நிறுவனம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

அறிஞர் ஒருபுறம், ஆதாயக்காரர் மறுபுறம். நடுவே நிற்கும் ஏழையை நாம் பார்ப்போம், தோழர்களே!

அக்கணக்கின்படியே வட அமெரிக்கர் அளவுக்கு ஆறு மடங்குக்கு மேல் உண்கிறார்கள். தெற்காசியரோ அளவில் பாதிதான் காண்கிறார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகள் சிலருக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கூட வேண்டும் என்று அந்த அறிக்கையே ஒப்புகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகையில் வாடுகின்றனர். அவள் தட்டிலிருந்து எதை ஐயா எடுப்பது?

இன்னொன்றும் கேளுங்கள். அந்த உணவுக்கு விலை என்ன என்று சிலர் ஆராய்ந்தனர். 2011ஆம் ஆண்டு விலையில், நாளொன்றுக்கு 2.84 டாலர். குறைந்தது 158 கோடிப் பேருக்கு அது எட்டாத கனி! செலவில் பெரும்பங்கு இறைச்சிக்கா? இல்லை, காய்க்கும் கனிக்கும்தான்! 'கறியை விடு, கனியை உண்' என்பது எளிது. கனி வாங்கக் காசு யார் கொடுப்பது?

மேடையேறும் தோழர் இரண்டையும் பேசுக. பூமி சூடேறுவது உண்மை. அதை மூடி மறைக்கும் வணிகர் வாதத்துக்கு நாம் வாய் கொடுக்க வேண்டாம். குறைத்தல் என்பது, அளவுக்கு மீறி உண்பவனிடம் தொடங்கட்டும். அறிவுரை வழங்குமுன் கூலி உயரட்டும். காய்கனி விலை ஏழையின் கைக்கு இறங்கட்டும். பசித்தவன் தட்டில் ஒரு பிடி கூடாமல் பூமியைக் காத்தோம் என்றால், அந்தப் பூமி யாருக்கு?