999: மறுமுனையில் அமர்வதற்கு ஒரு தேர்வு
(மலாக்கா மாநிலத் தோட்ட இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் 999 என்னும் அவசர எண். அந்த எண்ணை அழைத்தால் மறுமுனையில் ஒருவர் பேசுகின்றாரே, அவரைப் பற்றியே கூற வந்திருக்கின்றோம். அந்த நாற்காலியில் அமர எத்தகைய திறன் வேண்டும், அதனை எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. வேலை என்றவுடன் தொழிற்சாலை, பாதுகாவலர், லாரி என மூன்றே வழிகளை எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது.

முன்னாளில் தோட்டத்தில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், டிரெஸர் வீட்டிற்கு ஓடுவோம். எந்த லயம், எத்தனையாவது வீடு என்று அவரிடம் விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இன்று தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கின்றது. ஆயின் அழைப்பை ஏற்பவர் நம் தோட்டத்தை ஒருநாளும் கண்டிராதவர். அவ்வேலையின் கடினம் பெரும்பாலும் இதில்தான் அடங்கியுள்ளது.

இவ்வெண் பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டன் மாநகரில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றார். தொலைபேசி நிலையத்தில் மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக் கிடந்தது. அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் விசாரணைக்கு வழிகோலியது. 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் 999 நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என வேறு வேறு எண்கள் இருந்தன. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் அவை யாவும் 999 என்ற ஒரே எண்ணில் இணைக்கப்பட்டன. கைப்பேசியில் 112ஐ அழுத்தினாலும் அழைப்பு அங்கேயே செல்லும். முதலில் ஏற்பவர் தொலைபேசி நிறுவனத்தின் ஊழியர். அவர் செய்தியைக் கேட்டுப் போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, மருத்துவமனை, பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்கப் பிரிவு ஆகியவற்றுள் உரிய இடத்திற்கு மாற்றி விடுகின்றார். அங்கே இன்னொருவர் வண்டியை அனுப்புகின்றார்.

இனித் தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவின் பல நகரங்களில் இவ்வேலைக்கு விண்ணப்பிப்போரைக் கணினியின்முன் அமர்த்திச் சோதிக்கின்றனர். காதில் ஒலிக்கும் பெயரையும் முகவரியையும் கேட்டவாறே தட்டச்சு செய்யவேண்டும். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு செய்தி தோன்றும். அது தீயா, திருட்டா, நோயா என்று முடிவு செய்து உரிய பொத்தானை அழுத்தவேண்டும். இரண்டையும் விடாமல் செய்ய வேண்டும். ஒரு எண்ணைக் காட்டி மறைத்து, சற்று நேரங்கழித்துக் கேட்பார்கள். 3827 என்பதையும் 3872 என்பதையும் அருகருகே வைத்து ஒன்றா வேறா என்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து, ஒருவழிப் பாதையில் எதிர்த்துச் செல்லாமல் மிகக் குறுகிய வழியைக் காட்டச் சொல்வார்கள். நிமிடத்திற்கு 35 சொற்களேனும் தட்டச்சு செய்யவேண்டும் என்பது அங்கே பல இடங்களில் உள்ள விதி.

இவை விளையாட்டுப்போல் தோன்றலாம். மலாக்காவை வைத்துப் பாருங்கள். ஆயர் குரோ, ஆயர் மோலேக், ஆயர் பானாஸ், ஆயர் லிமாவ்: நான்கும் ஆயர் என்றே தொடங்குகின்றன. ஆயர் பானாஸ் ஜாசின் மாவட்டத்தில். ஆயர் லிமாவோ அலோர் காஜா மாவட்டத்தில், மஸ்ஜித் தானா பக்கம். அழுதுகொண்டே பேசும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து பின்பாதி தெளிவாக வராவிட்டால் வண்டி எந்தத் திசையில் போகும்? சுங்கை ரம்பாய் மாநிலத்தின் தெற்குக் கோடியில்; கோலா சுங்கை பாரு வடமேற்கில். நெடுஞ்சாலையில் விபத்தென்றால் ஜாசின் நுழைவாயிலுக்கு அருகில் என்பது மட்டும் போதாது. வண்டி தெற்கு நோக்கிப் போகின்றதா, வடக்கு நோக்கிப் போகின்றதா என்று கேட்கவேண்டும். நடுவில் தடுப்பு இருப்பதால் தவறான பக்கத்தில் போனவர் அடுத்த வெளிவழிவரை சென்றே திரும்பமுடியும். ஒத்த எண்களை அடையாளங்காணும் சோதனையும் வரைபடச் சோதனையும் எதற்காக என்று இப்போது விளங்கும்.

இத்தேர்வு எல்லாவற்றையும் அளந்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். விரைவாகத் தட்டச்சு செய்பவர் பொறுமையாகக் கேட்பவராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. குழந்தைக்கு மூச்சில்லை என்று கதறும் தாயிடம் குரலை உயர்த்தாமல், அதே கேள்வியை இரண்டாம் முறையும் கேட்கும் மனவுறுதி கணினிக்குத் தெரியாது. நேர்முகத் தேர்விலும் பயிற்சியிலுமே அது வெளிப்படும். அதிகம் பேசும் பிள்ளைக்கு இவ்வேலை பொருந்தும் என்று பெற்றோர் எண்ணுவது தவறு. சொன்னதைக் கேட்டு மாறாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கே இது பொருந்தும்.

நம் நாட்டில் இதற்குப் பல வாயில்கள் உண்டு. தொலைபேசி நிறுவனமும் போலீசும் தத்தம் முறைப்படி ஆள் எடுக்கின்றன. தீயணைப்புப் படை வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். மருத்துவமனையில் இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் மூன்றாண்டு டிப்ளோமா பயின்ற துணை மருத்துவ அதிகாரிகள். எவ்வாயிலில் நுழைந்தாலும் மலாய் மொழியில் பிழையின்றி எழுதத் தெரிந்திருக்கவேண்டும். தமிழும் தெரிந்திருப்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் வலிமை. பதற்றத்தில் தாய்மொழியன்றி வேறு மொழி வராத பாட்டிமார் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர்.

பயிற்சிக்குச் செலவில்லை. அக்காள் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே மூச்சில் வாசிக்கட்டும், தம்பி எழுதட்டும். வானொலி பாடிக்கொண்டிருக்கும்போதே எழுதட்டும். பின்னர்ப் பெரிய சாலையிலிருந்து தன் வீட்டுக்கு வரும் வழியை மூன்றே வாக்கியங்களில், மலாய் மொழியில் சொல்லிப் பார்க்கட்டும். மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் என்று மட்டும் முடித்துவிடவேண்டா. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோவில் உண்டு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எந்தக் கோவிலென்று கண்டார்?