உழைக்கும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம்

ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று உதவிச் சட்டத்தைப் பம்பாய் மாகாணம் 1929-லேயே இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் அம்மசோதாவை ஆதரித்துச் சட்டமன்றத்தில் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, குழந்தை 15 மாதம் நிறையும்வரை, நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை அளித்தது 1961 ஆம் ஆண்டுச் சட்டம். 2017 திருத்தம் முதலிரு பேறுகளுக்கு ஊதிய விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது.

சான்பாடாவின் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கும் தாய்க்கோ இவற்றுள் ஒன்றும் கிட்டாது. நான்கு வீடுகளில் உழைத்தாலும், சட்டத்தின் கண்ணில் எவ்வீடும் நிறுவனமன்று. ஓய்வெடுத்தால் வேலை பறிபோகும். விரைந்து திரும்பினால் பச்சிளங்குழந்தை மூத்த மகளின் மடியில். அவள் பள்ளிப் படிப்போ பாதியில்.

ஆகவே, குடியிருப்புதோறும் காப்பகம் நடத்தும் பொறுப்பை நவி மும்பை மாநகராட்சியும் மாநில அரசும் ஏற்க வேண்டும். இக்கோரிக்கையை நம் கிளைகள் வீடுவீடாகக் கொண்டுசெல்லட்டும்!