உடைந்ததும் முறிந்ததும்: மாணவர் ஒளிப்படத் திட்டப்பணிக்கு ஒரு மொழியியல் துணை



ஒளிப்படக் கலைக்கும் மொழியியலுக்கும் என்ன உறவு என்று உரையின் தலைப்பைக் கண்டோர் வினவக்கூடும். கலைப்பாடம் பயிலும் மாணவர்களிடம் ஒரு கருப்பொருளைத் தந்து, அதனை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு படங்களை எடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது பள்ளிகளில் உள்ள வழக்கம். அத்தகைய கருப்பொருள்களுள் ஒன்று ‘உடைவு’. முதல் வாரத்தில் மாணவர் கொண்டுவரும் படங்களை நாம் எளிதில் ஊகிக்கலாம்: விரிசல் விழுந்த கைப்பேசித் திரை, உடைந்த குவளை, கால் ஒடிந்த நாற்காலி, பூட்டிக் கிடக்கும் கட்டடம். படங்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் வாரத்தில் எதை எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. திட்டப்பணி அங்கே நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் கற்பனை வறட்சி அன்று. ‘புரோக்கன்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் தேடுகிறார்கள். அந்தச் சொல் பானைக்கும் பொருந்தும், எலும்புக்கும் பொருந்தும், கயிற்றுக்கும் பொருந்தும், வாக்குறுதிக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. கேமராவைக் கையில் எடுக்கும் முன் மாணவர் ஒரு தமிழ் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பதே இவ்வுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

தமிழில் பானை உடையும், கம்பு முறியும், சுள்ளி ஒடியும், கயிறு அறும், துணி கிழியும், சுவர் இடியும், அப்பளம் நொறுங்கும், சுவரின் காரை பெயரும், காய்ந்த நிலம் வெடிக்கும், பழஞ்சேலை நைந்துபோகும். இவை ஒரே பொருளைத் தரும் பல சொற்கள் அல்ல. ஒவ்வொரு வினையும் தனக்குரிய எழுவாயைத் தானே தேர்ந்துகொள்கிறது. உள்ளே வெற்றிடம் கொண்டதும் ஓடு உடையதும் உடையும். நீண்டு விறைத்து நிற்பது முறியும். இழுவிசை தாங்குவது அறும். மெல்லியதாய்ப் பரந்திருப்பது கிழியும். அதாவது, பொருளின் வடிவமும் அதன்மேல் செயற்பட்ட விசையும் வினைச்சொல்லுக்குள்ளேயே பதிந்துள்ளன. ஒளிப்படக் கலைஞர் கண்ணால் காண முயல்வதும் வடிவத்தையும் விசையையும்தானே?

‘கயிறு உடைந்தது’ என்று எழுதும் மாணவர்களை ஆசிரியர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். சிவப்பு மையால் திருத்துவதோடு நம் கடமை முடிவதில்லை. அறுந்த கயிறு ஒன்றை அருகிலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். முனையில் பிரிந்து நிற்கும் புரிகளை அவர் பார்க்கட்டும். பானை ஓட்டில் அத்தகைய புரிகள் இல்லை என்பதையும் பார்க்கட்டும். அதன்பின் அவர் அந்தப் பிழையைச் செய்வது அரிது.

அருவப் பொருள்களுக்கு வரும்போது இந்த வேறுபாடு இன்னும் பயன் தருகிறது. மனம் உடைகிறது, ஆகவே தமிழில் மனம் ஒரு கலம். உறவு முறிகிறது, ஆகவே அது ஒரு கொம்பு. தொடர்பு அறுகிறது, அது ஓர் இழை. குடும்பம் சிதறுகிறது, நம்பிக்கை தகர்கிறது, கனவு கலைகிறது. ‘உறவு முறிவு’ என்பதைப் படமாக்க விரும்பும் மாணவர் இரண்டாய்க் கிழித்த குடும்பப் படத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. முறிவது எதுவும் முறியும் முன் வளையும். மழைக்குப் பின் சாய்ந்து நிற்கும் கிளை, சுமையால் தாழ்ந்த புத்தக அலமாரி, உணவு மேசையின் இரு முனைகளில் விலகிக் கிடக்கும் நாற்காலிகள் என்று அந்த வினையே அவருக்கு வழி காட்டும்.

இனி இரண்டாவது செய்தி, தன்வினையும் பிறவினையும். உடைந்தது, உடைத்தது, முறிந்தது, முறித்தது, கிழிந்தது, கிழித்தது, இடிந்தது, இடித்தது. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறும்போது, அதுவரை மறைந்திருந்த ஒருவர் வாக்கியத்திற்குள் வந்துவிடுகிறார். ‘கண்ணாடி உடைந்தது’ என்று கூறும் சிறுவன் தன்னை மறைத்துக்கொள்ள இலக்கணத்தை நன்கு பயன்படுத்துகிறான்! ஒளிப்படத்தின் இயல்பும் அந்தச் சிறுவனின் வாக்கியத்தைப் போன்றதே. அது விளைவைக் காட்டும், செய்தவரைக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் மாணவர் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: இது தானே உடைந்ததா, யாரேனும் உடைத்தார்களா?

நம் கண்முன்னே உள்ள ஒரு சான்றைக் காண்போம். சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் ‘சிங்கப்பூர்க் கல்’ எனப்படும் எழுத்துப் பொறித்த ஒரு பாறைத்துண்டு வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் ஐம்பது வரி எழுத்தும் கொண்டிருந்த பெரும்பாறையின் எச்சம் அது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற அந்தப் பாறை 1819ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 1843ஆம் ஆண்டில் கட்டுமான வேலைகளுக்காகக் குடியேற்ற அரசின் பொறியாளர் அதனை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் செய்தார். ஒருசில துண்டுகளே காப்பாற்றப்பட்டன. அவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பின்னர் ஒரு துண்டு திரும்பி வந்தது. அதிலுள்ள எழுத்து இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை.

இத்துண்டைப் படமெடுக்கும் மாணவர் கீழே என்ன எழுதுவார்? ‘பிளந்த கல்’ என்று எழுதலாம். தமிழில் பிளத்தல் என்னும் வினை தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். ‘கல் பிளந்தது’ என்றாலும் அதே வடிவம். ‘கல்லைப் பிளந்தது’ என்றாலும் அதே வடிவம். ‘பிளந்த கல்’ என்னும் தொடரில் செய்தவர் முற்றாக மறைந்துவிடுகிறார். ‘தகர்க்கப்பட்ட கல்’ என்று எழுதினால், ஒரு முடிவும் ஒரு கையும் படத்திற்குள் வந்துவிடுகின்றன. இரண்டாவதே வரலாற்றுக்கு உண்மையானது. படவிளக்கம் என்பது அலங்காரம் அன்று, அது பொறுப்பு.

எல்லா உடைத்தலும் அழிவு அன்று என்பதையும் மாணவர் கருத வேண்டும். தைப்பூசத்தின்போது பினாங்கில் தேரின் முன்னே மலைபோல் குவித்த தேங்காய்களைத் தமிழரும் சீனரும் உடைப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே உடையாத தேங்காய்தான் குறை. ‘உடைவு’ என்னும் கருப்பொருளில் ஒரு படமேனும் இத்தகையதாய் அமைந்தால் தொகுப்பு புலம்பலாகத் தேங்காது.

மூன்றாவது, காலமும் நிலையும். ‘உடைந்தது’, ‘உடைந்துவிட்டது’, ‘உடைந்துபோயிற்று’, ‘உடைந்திருக்கிறது’ ஆகிய நான்கும் ஒன்றல்ல. ‘விடு’ மீளமுடியாமையைக் குறிக்கும். ‘போ’ இழப்புணர்வைச் சேர்க்கும். ‘இரு’ என்பதோ நிகழ்ச்சி முடிந்து அதன் விளைவு இன்னும் நிலைப்பதைக் காட்டும். ஒளிப்படம் பெரும்பாலும் ‘உடைந்திருக்கிறது’ என்றே பேசுகிறது. அதனால்தான் பத்துப் படங்களும் ஒரே தொனியில் அமைந்துவிடுகின்றன. மாணவர் தம் படங்களை வினைவடிவங்களின் கீழ்ப் பிரித்து அடுக்கிப் பார்க்கலாம்: உடையப்போகிறது, உடைந்துகொண்டிருக்கிறது, உடைந்திருக்கிறது, ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த நிரல் வெறுமையாக உள்ளதோ, அடுத்த வாரத்துக்குரிய வேலை அதுவே.

இதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கேரியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் அந்திரே கெர்டெஸ் 1929இல் பாரிஸ் நகரக் காட்சியொன்றைக் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தார். 1936இல் அவர் நியூயார்க் சென்றபோது தகடுகள் பிரான்சிலேயே தங்கிவிட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் அவை மீண்டும் கிடைத்தபோது இந்தத் தகட்டில் ஒரு துளையும் அதிலிருந்து நாற்புறமும் ஓடிய விரிசல்களும் இருந்தன. அவர் அதை எறியாமல் அப்படியே அச்சிட்டார். சன்னல் கண்ணாடி ஒன்றின் வழியே நகரைப் பார்ப்பதுபோல் அப்படம் இன்று தோன்றுகிறது. எடுத்தபோது முழுமையாயிருந்த படம், உடைந்தபின் வேறொரு படமாயிற்று.

வெளிச்சம் பற்றியும் ஒரு சொல். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் நண்பகல் வெயில் ஏறத்தாழத் தலைக்கு நேரே விழும். தரையிலுள்ள வெடிப்பு அப்போது நிழலின்றித் தட்டையாகத் தெரியும். அதற்குக் காலை இளவெயிலும் மாலை வெயிலும் ஏற்றவை. சுவரிலுள்ள விரிசலுக்கோ, மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும் உச்சிவெயிலே துணை. கருப்பொருள் ஒன்றாயினும் காரை பெயர்ந்த சுவருக்கும் வெடித்த தரைக்கும் நேரம் வேறு. வினையைத் தேர்ந்தபின் நேரமும் தானே தெளிவாகிறது.

நான்காவதாகக் கூறவேண்டியது மனிதர்களைப் பற்றி. இக்கருப்பொருள் கிடைத்ததும் சில மாணவர்கள் பழைய அட்டைகளைச் சேர்த்து விற்கும் முதியவரையோ, புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியே அமர்ந்திருப்பவரையோ தொலைவிலிருந்து படமெடுத்து, ‘உடைந்த வாழ்க்கை’ என்று பெயரிடுகிறார்கள். இங்கேதான் ஆசிரியர் குறுக்கிட வேண்டும். ‘மனமுடைந்தார்’ என்னும்போது உடைவது மனம். மனிதர் எழுவாயாக நிமிர்ந்தே நிற்கிறார். மொழி காக்கும் அந்த மதிப்பைக் கேமராவும் காக்க வேண்டும். அந்த முதியவரிடம் சென்று, வணங்கி, அனுமதி கேட்டு, ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். பேசியபின் அந்தத் தலைப்பு மாணவருக்கே பொருந்தாமல் போகலாம். அவர் மறுத்துவிட்டால் அந்தப் படம் வேண்டியதில்லை.

நிறைவாக, மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். உங்களுள் பலர், ‘எங்கள் தமிழ் உடைந்த தமிழ்’ என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தத் தொடரும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே. நம் முன்னோர் கொச்சைத் தமிழ் என்றார்கள், அரைகுறைத் தமிழ் என்றார்கள். அந்தச் சொற்களும் கடுமையானவையே. ஆயினும் அவர்கள் மொழியை உடையும் பொருளாகக் கருதவில்லை. இன்று நாம் கற்ற முறையில் இந்த வினையையும் சோதித்துப் பார்ப்போம். உடைந்த பானையைக் குப்பையில் போடுவார்கள். உங்கள் தமிழுக்கு நேர்ந்தது அதுவா? வீட்டில் பேசுவோர் குறைந்தமையால், பயன்படாத அரிவாள்மணைபோல் அது துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்ததைத் தீட்டினால் மீண்டும் அறுக்கும். தீட்டும் கல்லோ அன்றாடப் பேச்சு.

ஆகவே ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் இது. அடுத்த தாய்மொழி இருவாரத்தில் தமிழாசிரியரும் கலையாசிரியரும் ஒரு திட்டப்பணியைக் கூடி நடத்துங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வினை. ஒவ்வொரு வினைக்கும் ஆறு படம். ஒவ்வொரு படத்தின் கீழும் மாணவர் தாமே எழுதிய ஒரு முழுத் தமிழ் வாக்கியம். அந்த வாக்கியத்தில் பிழை இருக்கலாம். முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு மாணவரோடு அமர்ந்து வாக்கியத்தைத் திருத்துங்கள்.