இறக்கையைப் பார்த்தால் வரிசை தெரியும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தென்னை வளரும் ஊர்களில் ‘வெள்ளை ஈ’ என்ற பெயரை நம் மாணவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது முதல் அது பல மாவட்டங்களின் கவலை. ஆனால் அது ஈ அல்ல. ஈக்கு இரண்டு இறக்கைகள். வெள்ளை ஈக்கு நான்கு. பெயரை வைத்து முடிவு செய்யும் குழந்தை இங்கே ஏமாந்துவிடும். அதனால் வகுப்பில் வரிசைகளின் பெயர்ப் பட்டியலைப் பிறகுதான் எழுதுகிறேன், முதலில் கேள்விகள்.

ஆறு கால்கள், மூன்று உடற்பகுதிகள், ஓரிணை உணர்கொம்புகள் இருக்கின்றனவா? இருந்தால் அது பூச்சி. எட்டுக்கால் சிலந்தி இதில் சேராது.

அடுத்து, எத்தனை இறக்கைகள்? இரண்டு மட்டுமே என்றால் டிப்டீரா: ஈ, கொசு. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரு சிறு உறுப்புகள் இருக்கும். பறக்கும்போது சமநிலை காப்பவை அவை.

நான்கு என்றால், முன்னிறக்கை எப்படி இருக்கிறது? ஓடுபோல் கெட்டியாகி முதுகின் நடுவே நேர்கோட்டில் சேர்ந்தால் வண்டு, கோலியாப்டீரா. அடிப்பாதி தடித்து, நுனி மட்டும் சவ்வாகி, ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நாவாய்ப்பூச்சி, ஹெமிப்டீரா. தொட்டால் செதில் பொடியாக ஒட்டினால் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, லெபிடாப்டீரா. நான்கும் சவ்வு, முன்னிறக்கை பெரியது, இடுப்பு ஒடுங்கியது என்றால் தேனீ, குளவி; ஹைமனாப்டீரா. நான்கும் ஏறத்தாழ ஒரே நீளம், உட்கார்ந்தாலும் முதுகில் மடிக்காது என்றால் தட்டானின் ஒடனேட்டா. பின்னங்கால் நீண்டு தடித்துத் தாவினால் வெட்டுக்கிளியின் ஆர்த்தாப்டீரா.

‘வெள்ளை ஈயைத் தொட்டாலும் பொடி ஒட்டுகிறதே?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அது மெழுகுப் பொடி. இப்போது வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சிக்குச் சுருண்ட குழல். வெள்ளை ஈக்குச் சாறு உறிஞ்சும் ஊசி போன்ற அலகு. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் ஹெமிப்டீராவில் சேர்வது இதனால்தான்.

கிரேக்க மொழியில் ‘டெரான்’ என்றால் இறக்கை. டிப்டீரா ஈரிறக்கை, ஹெமிப்டீரா அரையிறக்கை, லெபிடாப்டீரா செதிலிறக்கை, கோலியாப்டீரா உறையிறக்கை. 1758-இல் லின்னேயஸ் பூச்சிகளை ஏழு வரிசைகளாகப் பிரித்தபோதும் இறக்கைதான் முக்கிய அளவுகோல். பொருள் தெரிந்தபின் இப்பெயர்களை யாரும் உருப்போட வேண்டியதில்லை.

இது தேர்வோடு முடிகிற பாடமல்ல. வெள்ளை ஈ இருக்கும் அதே ஓலையில் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவியும் இருக்கும். அது வெள்ளை ஈயின் இளம்பருவத்தில் முட்டையிட்டு அதை அழிக்கிறது. கண்டபடி மருந்து தெளித்தால் குளவியும் சாகும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழுவையும் தீங்கு செய்யும் புழு என்று நினைத்து நசுக்குகிறோம். புழுப் பருவத்தில் இறக்கை இல்லாததால் காலைப் பார்க்க வேண்டும். பொறிவண்டின் புழுவுக்கு ஆறு கால்கள் மட்டுமே. பட்டாம்பூச்சியின் புழுவுக்கு வயிற்றுப் பகுதியிலும் சதைக்கால்கள் உண்டு. இதை அறிந்த மாணவி ஒருத்தி, மருந்து தெளிக்கும் முன் தன் அப்பாவிடம் ‘கொஞ்சம் பொறுங்கப்பா, பார்த்துடலாம்’ என்று சொல்ல முடியும்.

செலவு அதிகமில்லை. ஒரு கைவில்லையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியும் போதும். டியூப்லைட்டின் கீழ் காலையில் விழுந்து கிடக்கும் பூச்சிகளைத் தாளில் சேகரியுங்கள். உயிருள்ளவற்றைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். தேனீ, குளவிகளைப் பிடிக்க வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் போதும். பூச்சி, இறக்கை, வாய், கால், வரிசை என ஐந்து கட்டங்கள் போட்டு, வரிசைக் கட்டத்தைக் கடைசியில் நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் மாணவர்கள் தடுமாறினார்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.