நலம் பெறும் பத்து நாட்கள்

மலைநாட்டுத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. மஸ்கெலியாப் பகுதியில் இரவு நேரத்தில் சிறுத்தையின் வரவைக் குரைத்து அறிவிப்பது அதுவே. பல வேளைகளில் சிறுத்தைக்கு இரையாவதும் அதுவே. அத்தகைய காவலனுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்த வீட்டார், காரியம் முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவர்களுடைய பொறுப்பு அன்றுதான் தொடங்குகிறது.

காயடித்தல் என்று வழங்கும் இச்சிகிச்சையில் ஆண் நாயின் இரு விதைகளும் அகற்றப்படுகின்றன. பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, வெட்டும் சிறியது. ஆதலால் பெண் நாயைக் காட்டிலும் ஆண் நாய் விரைவில் தேறுகிறது. இடர் விளைவதும் இதனாலேயே. மறுநாளே அது துள்ளி ஓட முற்படும், காயமோ ஆறியிராது. அது நன்கு பொருந்த 10 முதல் 14 நாட்கள் வேண்டும்.

முதல் இரவில் மயக்க மருந்தின் வேகம் முற்றும் தணிந்திராது, உடற்சூடும் குறைந்திருக்கும். மஸ்கெலியாக் குளிரில் இது சிறிய விஷயமன்று. நாயை இஸ்தோப்பில் கட்டாமல், வீட்டினுள்ளே உலர்ந்த சாக்கின்மேல் சுத்தமான துணி விரித்துக் கிடத்த வேண்டும். தள்ளாடும் நாய் வெளியே கட்டுண்டு கிடந்தால் சிறுத்தையிடமிருந்து தப்ப வழியில்லை. அடுப்புக்கு மிக அருகிலும் கிடத்தலாகாது; மயங்கிய நாய் சூட்டை உணர்ந்து விலகாது. நன்றாக விழித்த பின்னரே தண்ணீரைச் சிறிது சிறிதாகவும், வழக்கமான உணவில் பாதியையும் கொடுக்கலாம்.

அடுத்த பகை ஈரம். தென்மேல் பருவமழைக் காலத்தில் தேயிலை மலையில் உலர்ந்த இடம் கிடைப்பது கடினம், புல்லெங்கும் அட்டை. எனவே மலசலத்துக்கு மட்டும் குறுகிய கயிற்றில் பிடித்து அழைத்துச் சென்று, உடனே திரும்ப வேண்டும். காயம் ஆறும்வரை குளிப்பாட்டலாகாது. நனைந்த விரிப்பை உடனுக்குடன் மாற்ற வேண்டும். ஓட்டம், பாய்ச்சல், மற்ற நாய்களோடு விளையாட்டு யாவும் நிறுத்தப்பட வேண்டும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று பலர் நம்புகின்றனர். நாயின் வாயில் கிருமிகள் உண்டு. ஓயாது நக்கும் நாக்கு தையலையும் பிரித்துவிடும். இதைத் தடுக்கவே வைத்தியர்கள் கழுத்தில் கூம்பு வடிவான காப்பு அணிவிக்கின்றனர். நாய் முரண்டு பிடிக்கிறதென்று இரக்கப்பட்டு அதைக் கழற்றுவது இரக்கமாகாது. மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் காயத்தில் பூசலாகாது. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாக முடியலாம்; வைத்தியர் தந்த மருந்தே போதும்.

காலையும் மாலையும் காயத்தைப் பார்த்தல் வேண்டும். சிறு வீக்கமும் சிவப்பும் முதற் சில நாட்களில் இயல்பானவை. வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலும், சீழோ துர்நாற்றமோ கண்டாலும், இரத்தம் நில்லாமல் சொட்டினாலும், முரசு வெளிறினாலும், நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், ஒரு நாளுக்கு மேல் உண்ணாதிருந்தாலும், சிகிச்சை செய்த வைத்தியரிடம் தாமதமின்றிக் கொண்டு செல்ல வேண்டும்.

நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. சிகிச்சைக்குப் பின்னரும் சில வாரங்களுக்கு ஆண் நாயால் பெண் நாய் கருவுறக்கூடும். அதுவரை பிரித்து வைத்தல் நன்று. மேலும், இச்சிகிச்சை விசர்நோயைத் தடுக்காது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேரை அந்நோய் கொன்றது. இன்று அத்தொகை வெகுவாகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு ஏற்றப்படும் தடுப்பூசி ஒரு பெருங் காரணம். ஆகவே ஆண்டுதோறும் ஊசி ஏற்றுவதை விடலாகாது.

காயடித்த நாய் காவலுக்கு உதவாது என்பது வீண் அச்சம். பெண் நாயைத் தேடி அலைவதும், அதனால் மூளும் சண்டையும் குறையுமேயன்றி, வீட்டின்மீது அதற்குள்ள பற்றுக் குறைவதில்லை. உடல் எளிதில் பருக்குமாதலால் உணவைச் சிறிது குறைத்தால் போதும். ஆண்டு முழுவதும் வாசலைக் காக்கும் அந்த உயிரைப் பத்து நாட்கள் வீட்டார் காத்தல் முறையேயாகும்.